கழுத்துக் கட்டியும் மூச்சு முட்டலும்: படுக்க வைக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

மூச்சு முட்டுதுன்னு நாம சொல்றோம், கோட்டவாசல் தாண்டி கேரளாப் பக்கம் ஆரியங்காவு போயிட்டா ஸ்வாசம் முட்டுன்னு சொல்லுவாங்க, ஏறக்குறைய ஒரே வார்த்தைதான். சிக்கல் என்னன்னா ஆஸ்துமாவுக்கும் அதே வார்த்தை, ஹார்ட் வீக்காகி நுரையீரல்ல தண்ணி கோத்தாலும் அதே வார்த்தை, கழுத்துல ஒரு கட்டி வளந்து மூச்சுக்குழாயை நெரிச்சாலும் அதே வார்த்தை. மொத ரெண்டுக்கும் குடுக்கிற வைத்தியம் மூணாவதுக்கு உதவாது, சில நேரம் ஆளையே கொன்னுடும். நான் செங்கோட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில அனஸ்தீசியா டெக்னீஷியன், மயக்க டாக்டர் பக்கத்துல நின்னு டியூப்பு, மருந்து, மெஷின் எல்லாம் ரெடி பண்றது என் வேலை. இந்த மூணாவது வகை மூச்சு முட்டலைப் பத்தி நோயாளி வீட்டு ஆளுங்களும், நர்சிங் படிக்கிற தம்பி தங்கச்சிங்களும், ஆம்புலன்ஸ் ஓட்டுறவங்களும் தெரிஞ்சு வச்சிருக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன், அதான் எழுதுறேன்.

போன வருஷம் ஜூன் மாசம், சாரல் விடாம அடிக்குது, ராத்திரி பதினோரு மணி இருக்கும். தென்மலைப் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போயி அங்கயே குடும்பமா தங்கிட்ட நம்ம ஆளு ஒரு தாத்தா, புளியரை எஸ் வளைவு இறங்கி ஜீப்புல வந்தாரு. முன் சீட்டுல குனிஞ்சு டேஷ்போர்டு கம்பியப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்காரு. நாலு மாசமா குரல் கம்மிப் போச்சு, கழுத்துல வலது பக்கம் எலுமிச்சை அளவு இருந்த கட்டி நார்த்தங்காய் அளவுக்கு வந்துருச்சு, பீடி அம்பது வருஷப் பழக்கம். வர்ற வழியில ஒரு கிளினிக்குல வீசிங்குன்னு ரெண்டு தடவை நெபுலைசர் வச்சு அனுப்பியிருக்காங்க. எங்க கேஷுவாலிட்டியில புதுசா சேந்த பையன் ஸ்ட்ரெச்சர்ல அவரைப் படுக்க வைக்கப் பாத்தான். கூட வந்த ஆச்சி கையத் தட்டி விட்டுட்டு "ஏ தம்பி, அவிய படுக்க மாட்டாவ, ரெண்டு நாளா ஒக்காந்தேதான் தூங்குதாவ"ன்னு கத்துனாங்க, அதுக்குள்ள அவன் முதுகைச் சாச்சுட்டான். மூச்சு இழுக்கும்போது அதுவரைக்கும் கர்ர்ருன்னு கேட்டுக்கிட்டு இருந்த சத்தம் அப்படியே கீச்சுன்னு மெலிஞ்சு போச்சு, தாத்தா கண்ணு பிதுங்கி என் சட்டையைக் கொத்தாப் பிடிச்சாரு. தூக்கி ஒக்கார வச்ச பிறகுதான் சத்தம் திரும்ப வந்துச்சு.

அந்த ஆச்சி சொன்ன ஒரு வாக்கியத்துல முழு நோயும் இருந்துச்சு. படுக்க முடியலங்கிறது அடம் இல்ல. ஒக்காந்து முன்னாடி குனிஞ்சாத்தான் கட்டியும் நாக்கும் பின்னாடி சாயாம கொஞ்சம் வழி இருக்குதுன்னு அந்த ஒடம்பே கண்டுபிடிச்சு வச்சிருக்கு. அதைக் கலைக்க நமக்கு உரிமை இல்ல.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். பெரியவங்களுக்கு மூச்சுக்குழாய் சுமார் 10, 12 சென்டிமீட்டர் நீளம், உள் அகலம் 15ல இருந்து 20 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும். சின்னப் பிள்ளையில பப்பாளி எலைக் காம்பை ஒடிச்சு அதுல ஊதி விளையாடியிருப்போம்ல, தடிச்ச காம்புல ஈசியா காத்து போகும், ஒல்லிக் காம்புல கன்னம் வலிக்கும். அகலம் பாதியானா கஷ்டம் ரெண்டு மடங்குதான் ஆகும்னு தோணும், அப்படி இல்ல, 16 மடங்கு ஆகும். ஆரம் சுருங்கச் சுருங்க குழாய்க்குள்ள எதிர்ப்பு நாலாவது அடுக்குல கூடும்னு ஒரு கணக்கு இருக்கு. 16 மில்லிமீட்டர் குழாய் 8 ஆச்சுன்னா 16 மடங்கு, 8 திரும்ப 4 ஆச்சுன்னா மொத்தம் 256 மடங்கு. இதுவும் காத்து அமைதியா ஓடுனாத்தான், சத்தம் போட்டுச் சுழிச்சு ஓட ஆரம்பிச்சா இன்னும் மோசம். சுமார் 8 மில்லிமீட்டர் வரைக்கும் சுருங்குற வரைக்கும் ஆளு நடமாடிக்கிட்டுத்தான் இருப்பாங்க, மேடு ஏறுனா எளைக்கும், வயசாச்சுன்னு விட்டுருவாங்க. 5 மில்லிமீட்டர் கிட்ட வந்துட்டா சும்மா ஒக்காந்திருக்கும்போதே சத்தம் கேக்கும். வருஷக்கணக்கா மெதுவா வந்த நோயி கடைசி ரெண்டு நாள்ல குதிச்ச மாதிரி தெரியிறது இதனாலதான், அந்த ஓரத்துல நிக்கும்போது ஒரு சளி, ஒரு இருமல், ஒரு மில்லிமீட்டர் வீக்கம் போதும்.

அடுத்து சத்தம். இதை மட்டும் கவனமாப் படிங்க. ஆஸ்துமா வீசிங் பெரும்பாலும் மூச்சை வெளிய விடும்போது நெஞ்சுல விசில் மாதிரி கேக்கும். தொண்டையில, குரல்வளையில அடைப்புன்னா மூச்சை உள்ள இழுக்கும்போது கழுத்துல கேக்கும், ஸ்டெதஸ்கோப் கூட வேண்டாம், பக்கத்துல நின்னாலே கேக்கும், இதுக்கு ஸ்ட்ரைடர்னு பேரு. இழுக்கும்போதும் விடும்போதும் ரெண்டு தடவையும் கேட்டா அடைப்பு குரல்நாண்லயோ அதுக்குக் கொஞ்சம் கீழயோ இருக்குன்னு அர்த்தம் எடுத்துக்கலாம். தாத்தாவுக்கு நெபுலைசர் வச்சவங்க நெஞ்சுல மட்டும்தான் ஸ்டெதஸ்கோப்பை வச்சுப் பாத்திருக்காங்க போல. மேல உண்டாகுற சத்தம் நெஞ்சுக்கும் இறங்கும், கழுத்துல வச்சுப் பாத்திருந்தா அங்கதான் பலமா இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்.

சத்தம் கொறைஞ்சா நல்லதுன்னு நினைச்சுராதீங்க. சத்தம் வரணும்னா காத்து ஓடணும். ஆளு களைச்சுப் போயி, வேர்த்து, கண்ணு சொருகி, சத்தமும் கொறைஞ்சா காத்து ஓடலைன்னு அர்த்தம், அப்ப நிமிஷக்கணக்குதான் மிச்சம். விரல்ல மாட்டி ஆக்ஸிஜன் அளவு பாக்குற கிளிப்பையும் ரொம்ப நம்பாதீங்க. தாத்தாவுக்கு அன்னைக்கு 96 காட்டுச்சு. ஆனா அவரு நெஞ்செலும்புக்கு மேல இருக்குற குழி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கோலிக்குண்டு வைக்கலாம்ங்கிற அளவுக்கு உள்ள போச்சு, கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி நிக்குது, ஒரு வார்த்தை பேச மூணு மூச்சு எடுக்குறாரு. 96ங்கிறது அவரு எவ்வளவு பாடுபட்டு அதைக் காப்பாத்துறாருன்னு சொல்லாது. அந்த நம்பர் சரியும்போது நாம ஏற்கெனவே லேட்டு.

கட்டின்னா எந்தக் கட்டின்னு கேப்பீங்க. தைராய்டு பெருசாகி வர்றது, அந்தப் பக்கத்து ஆளுங்க தொண்டமுழைன்னு சொல்றது, ரொம்பப் பழைய கதை. அயோடின் பத்தாத மலையோர ஊருங்கள்ல அதிகம், நம்ம நாட்டுல அதுக்குன்னு 1962லயே திட்டம் ஆரம்பிச்சு உப்புல அயோடின் சேத்தாங்க. சுவிட்சர்லாந்து மலைக்காரங்களுக்கும் இதே நோயி, அங்க தைராய்டு ஆபரேஷனைச் சாகாமச் செய்யக் காட்டிக் குடுத்த கோக்கர்ங்கிற டாக்டருக்கு 1909ல நோபல் பரிசு கெடச்சுது. எங்க பெரியம்மாவுக்கு இருபது வருஷமா இருந்துச்சு, சேலைத் தலைப்பை இழுத்து மறைச்சுக்குவாங்க, வெளிய தெரியிறது கொஞ்சம், மிச்சம் நெஞ்செலும்புக்குப் பின்னாடி இறங்கியிருந்துச்சு. துணி காயப்போட ரெண்டு கையையும் தூக்குனா முகம் செவந்து உப்பி மூச்சு தெணறும், வெயிலுன்னு சொல்லுவாங்க. ரெண்டு கையையும் காது ஒட்டித் தூக்கச் சொல்லி ஒரு நிமிஷம் பாக்குறது ஒரு டெஸ்டு, பெம்பர்ட்டன் அடையாளம்னு பேரு, கட்டி நெஞ்சுக்குள்ள இறங்கி ரத்தக்குழாயையும் அமுக்குதுன்னு காட்டிக் குடுக்கும். பெரியம்மாவுக்கு நேரத்துலயே ஆபரேஷன் ஆச்சு, இப்ப நல்லா இருக்காங்க.

இது போக குரல்வளைப் புத்துநோயி, நெறிக்கட்டு, லிம்போமாங்கிற நெறிப் புத்துநோயி, பழையவங்க கண்டமாலைன்னு சொன்ன டிபி நெறி எல்லாம் இருக்கு. பல்லுல சீழ் பிடிச்சு தாடைக்கு அடியில கல்லு மாதிரி வீங்கி நாக்கையே மேல தூக்கிட்டு வர்றது இன்னொண்ணு, 1836ல லுட்விக்ங்கிற ஜெர்மன் டாக்டர் எழுதி வச்சாரு, அவர் பேர்லயே சொல்றாங்க. பல் வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்குற ஆளு ஒருநாள் வாயத் தொறக்க முடியாம, எச்சில் முழுங்க முடியாம வடியவிட்டுக்கிட்டு, வாயில சுடுசோத்தை வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி பேசுனாருன்னா காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, அப்பவே கூட்டிட்டு வாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். மூச்சு முட்டுதுன்னா மயக்கம் குடுத்து டியூப் போட்டு மெஷின்ல மாட்டிர வேண்டியதுதானன்னு நிறைய பேரு கேக்குறாங்க, சாதாரண ஆபரேஷன்ல அதுதான நடக்குதுன்னு. சாதாரண ஆபரேஷன்ல மயக்க மருந்து போட்டதும் மூச்சு நிக்கும், மாஸ்க் வச்சு அமுக்குனா காத்து போகும், வாயில லாரிஞ்ஜோஸ்கோப்ங்கிற லைட்டு வச்ச கருவியை விட்டா குரல்நாண் வெள்ளையா தெரியும், டியூப் இறங்கும். கட்டி இருக்குறவங்களுக்கு இந்த மூணுமே உத்தரவாதம் இல்ல. மருந்து போட்டதும் தொண்டைச் சதை தளரும், அதுவரைக்கும் தம் கட்டி வழியைத் தொறந்து வச்சிருந்ததே அந்தச் சதைதான், அது போனா மிச்சம் இருந்த அரிசி அளவு ஓட்டையும் மூடிரும். மாஸ்க்குல காத்து ஏறாது, உள்ள பாத்தா குரல்நாண் ஒரு பக்கமாத் தள்ளிப் போயிருக்கும், இல்ல ரத்தமும் சதையுமா எது எங்க இருக்குன்னே தெரியாது. டியூப்பும் போகல காத்தும் போகலங்கிற நெலமை எங்க தொழில்ல எல்லாரும் பயப்படுற நெலமை.

எவ்வளவு நேரம் கையில இருக்கும்னு ஒரு கணக்கு சொல்றேன். மூச்சை அமைதியா விட்டு முடிச்ச பிறகும் நுரையீரல்ல சுமார் 2.5 லிட்டர் காத்து மிச்சம் இருக்கும், சாதாரண காத்துல ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான், அப்ப கையிருப்பு அரை லிட்டர், ஒடம்பு நிமிஷத்துக்கு சுமார் 250 மில்லி செலவு பண்ணும். ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தீந்துரும். முன்கூட்டியே மாஸ்க்குல சுத்த ஆக்ஸிஜன் நல்லா இழுக்க வச்சா ஆரோக்கியமான ஆளுக்கு எட்டு நிமிஷம் வரைக்கும் தாங்கும். ஆனா களைச்சுப்போன வயசாளிக்கு, பீடி குடிச்ச நுரையீரலுக்கு, குண்டா இருக்குறவங்களுக்கு, கர்ப்பிணிக்கு அவ்வளவு கெடைக்காது. அதனால அந்த ஆளு தானா இழுத்துக்கிட்டு இருக்குற மூச்சுதான் இருக்குறதுலயே பெரிய சொத்து. அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே வழி போட்டு முடிக்கணும், அதை நிப்பாட்டிட்டு வழி தேடக் கூடாது.

இதை நான் புஸ்தகத்துல மட்டும் படிக்கல. இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல வேலை பாத்தப்ப, கழுத்துக் கட்டியோட வந்த ஒரு அக்கா, நாப்பது சொச்சம் வயசு, மூச்சு முட்டி ஒக்கார முடியாம நிக்க முடியாம பரபரத்தாங்க. சிடி ஸ்கேன் எடுக்கணும், அசையாம இருக்க மாட்டேங்குறாங்கன்னு ஒருத்தரு தூக்க ஊசி போட்டுட்டாரு. சிடி மேஜையில மல்லாத்திப் படுக்க வச்சு கதவைச் சாத்திட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நாங்க ஓடிப் போயி எல்லாம் பண்ணோம், திரும்பல. அந்தப் பரபரப்பு மனசுக்குள்ள இருந்து வர்ற பயம் மட்டும் இல்ல, மூளைக்கு ஆக்ஸிஜன் பத்தலைன்னு ஒடம்பு அடிக்கிற மணி. அதுக்குத் தூக்க ஊசி மருந்து இல்ல. சிடி நல்ல பரிசோதனைதான், ஆனா படுக்க முடியாதவங்களுக்கு வழி போட்ட பிறகுதான் சிடி.

சரி, ஆஸ்பத்திரியில என்ன பண்ணணும். மொத அஞ்சு நிமிஷத்துல ஒக்கார வச்ச நெலையிலேயே ஆக்ஸிஜன், முடிஞ்சா மூக்கு வழியா வேகமா போற ஹைஃப்ளோ, அட்ரினலின் நெபுலைசேஷன், டெக்ஸாமெத்தசோன் ஊசி. அட்ரினலின் வீக்கத்தைக் கொஞ்ச நேரத்துக்குச் சுருக்கும், டெக்ஸா வேலை செய்ய மணிக்கணக்கு ஆகும், ரெண்டும் கட்டியைக் கரைக்காது, நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்துல மயக்க டாக்டரையும் ஈஎன்டி டாக்டரையும் வீட்டுல இருந்தாலும் எழுப்பி வரவச்சுரணும், ஒருத்தரு முயற்சி பண்ணித் தோத்த பிறகு இன்னொருத்தருக்கு போன் பண்றது தப்பு. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல, கழுத்துல வெட்ட வேண்டிய இடத்தை முன்னாடியே பேனாவுல குறிச்சு, மருந்து தடவி, பிளேடு மேஜை மேல இருக்க, அப்புறம்தான் ஆரம்பிக்கணும். டபுள் செட்டப்னு சொல்லுவாங்க.

வழி போடுறதுல ரெண்டு பெரிய ரூட்டு. ஒண்ணு முழிச்சிருக்கும்போதே டியூப் போடுறது. மூக்கையும் தொண்டையையும் லிக்னோகெயின் தெளிச்சு மரத்துப்போக வச்சு, பென்சில்ல பாதி தடிமன்ல வளையுற ஸ்கோப்பை மூக்கு வழியா மெதுவா விட்டு, குரல்நாணைத் தாண்டினதும் அது மேல ஏற்கெனவே கோத்து வச்சிருக்குற டியூப்பை இறக்குறது. 1967ல பீட்டர் மர்ஃபிங்கிற டாக்டர் பித்தக்குழாய் பாக்குற ஸ்கோப்பை வச்சு மொத மொதல்ல இப்படிப் பண்ணாரு. லிக்னோகெயின் அளவு கிலோவுக்கு 9 மில்லிகிராம் தாண்டக் கூடாது, நான் டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே சிரிஞ்சுல எழுதி ஒட்டிருவேன். தைராய்டு கட்டி வெளிய இருந்து அமுக்குது, உள்ள வழி இருக்குங்கிற ஆளுக்கு இது அருமையான வழி. ஆனா கட்டி குரல்வளைக்குள்ளயே இருந்து ஓட்டை ரொம்பச் சின்னதா இருந்தா ஸ்கோப்பே பாட்டில் மூடி மாதிரி அடைச்சிரும், அந்த ஒரு நிமிஷம் நோயாளிக்கு நரகம். அப்படிப்பட்டவங்களுக்கு ரெண்டாவது ரூட்டு, முழிச்சிருக்கும்போதே கழுத்துல மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு ட்ரக்கியோஸ்டமி, அதாவது கட்டிக்குக் கீழ மூச்சுக்குழாய்ல ஓட்டை போட்டு டியூப் வைக்கிறது. ஏற்கெனவே முட்டிப்போன ஆளுக்கு முழிப்போட கழுத்தைக் கிழிக்கிறதான்னு வீட்டுக்காரங்க அழுவாங்க. என் மனசாரச் சொல்றேன், அந்த நேரத்துல அதைவிடப் பாதுகாப்பான வேலை வேற இல்ல.

எல்லாம் தோத்து டியூப்பும் போகாம காத்தும் போகாமப் போனா கடைசி வழி ஒண்ணு. குரல்வளைக் குருத்தெலும்புக்குக் கீழ விரல் வச்சா ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும், அந்தச் சவ்வுல பிளேடு வச்சு, பூஜிங்கிற நீளக் குச்சியை உள்ள விட்டு, அது மேல 6 சைஸ் டியூப்பை இறக்குறது. 2015ல வந்த இங்கிலாந்து வழிகாட்டி இந்த முறையைத்தான் சொல்லுது, நம்ம நாட்டு டாக்டருங்க சங்கமும் 2016ல நமக்குன்னு தனியா வழிகாட்டி போட்டாங்க. ஊசி குத்திக் காத்து குடுக்கலாமேன்னு முன்னாடி நினைச்சாங்க, 2011ல இங்கிலாந்துல வந்த பெரிய ஆய்வுல அவசரத்துல அப்படிக் குத்துனதுல சுமார் 60 சதவீதம் தோல்வின்னு தெரிஞ்சுது. கழுத்துல கட்டி இருக்குறவங்களுக்கு அந்தப் பள்ளமே தட்டுப்படாது, அதான் முன்னாடியே அல்ட்ராசவுண்டுல பாத்துக் குறிச்சு வைக்கணும்ங்கிறது. வீட்டுல யாரும் இதை முயற்சி பண்ணாதீங்க, இது பழகுன கைக்கு மட்டும்.

இன்னொண்ணு, தைராய்டு ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்தவங்க கூட இருக்குறவங்களுக்கு. மொத 24 மணி நேரம் கழுத்தைப் பாத்துக்கிட்டே இருங்க. இறுக்கமா இருக்குதுங்கிறாங்க, வீங்குது, குரல் மாறுது, ஒக்காரணும்ங்கிறாங்கன்னா உள்ள ரத்தம் கட்டுது, உடனே நர்ஸைக் கூப்பிடுங்க. அந்த நேரத்துல தியேட்டருக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி படுக்கையிலேயே தையலைப் பிரிச்சு ரத்தத்தை வெளியேத்திரணும், 2022ல வந்த வழிகாட்டியும் அதைத்தான் அடிச்சுச் சொல்லுது. அவங்க கட்டில்ல தையல் வெட்டுற செட் இருக்குதான்னு கேட்டு வச்சுக்கிறதுல தப்பே இல்ல.

நம்ம பக்கம் தூரம் ஒரு பெரிய விஷயம். செங்கோட்டையில இருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மெடிக்கல் காலேஜ் 60 கிலோமீட்டருக்கு மேல, மலை ஏறி திருவனந்தபுரம் போகணும்னா 100ஐத் தாண்டும். அதனால 108க்குப் போன் பண்ணும்போதே கழுத்துல கட்டி இருக்கு, படுக்க முடியல, இழுக்கும்போது சத்தம் வருதுன்னு இந்த மூணையும் சொல்லுங்க. வெறும் மூச்சு முட்டுதுன்னு சொன்னா அவங்களுக்குப் புரியாது. ஒக்கார வச்சே கொண்டு போகச் சொல்லுங்க, சாப்பாடு தண்ணி குடுக்காதீங்க, பக்கத்துல இருக்குற ஆஸ்பத்திரிங்கிறதைவிட ஈஎன்டியும் மயக்க டாக்டரும் ராத்திரியில இருக்குற ஆஸ்பத்திரி எதுன்னு கேட்டுப் போங்க.

தாத்தா கதைக்கு வரேன். ஈஎன்டி டாக்டர் மூக்கு வழியா மெல்லிசு ஸ்கோப்பை விட்டுப் பாத்தாரு, குரல்வளை பூராவும் காலிஃபிளவர் மாதிரி சதை, நடுவுல ஒரு கீறல் அளவு இடைவெளி. ஸ்கோப்பை வெளிய எடுத்துட்டு மயக்க டாக்டர் முகத்தைப் பாத்தாரு, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல, ட்ரக்கியோஸ்டமின்னு முடிவாயிருச்சு. தியேட்டர் மேஜையைப் பாதி ஒக்கார்ற மாதிரி நிமித்தி வச்சோம், கழுத்து கொஞ்சம் கூட நீட்ட முடியல, டாக்டர் அதுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு நின்னே பண்ணாரு. என் வேலை தலைமாட்டுல ஆக்ஸிஜனைப் பிடிச்சுக்கிட்டு அவரு கையைப் பிடிச்சுக்கிறது. இப்ப ஊசி தாத்தா, இப்ப அமுக்குற மாதிரி இருக்கும், வலிச்சா கையை நெரிங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான்னு காதுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். ரப்பர் பால் கறை ஏறுன கை, நெரிச்ச நெரியில என் விரல் வெளுத்துப் போச்சு. மூச்சுக்குழாய் தொறந்ததும் புஸ்ஸுன்னு காத்தோட சளியும் ரத்தமும் தெறிச்சு ஒரு பெரிய இருமல், டியூப் உள்ள போச்சு, திரையில கார்பன் டை ஆக்ஸைடு கோடு மேடு மேடா வந்துச்சு, அந்தக் கோடு வந்தாத்தான் டியூப் சரியான எடத்துல இருக்குன்னு நம்புவோம். அந்தக் கர்ர்ரு சத்தம் நின்னு போயி தியேட்டர்ல மெஷின் சத்தம் மட்டும் கேட்டுச்சு. தாத்தா கை தானா தளந்துச்சு, ரெண்டு நாளா படுத்துத் தூங்காத மனுஷன் அப்படியே கண்ண மூடிட்டாரு.

காலையில முழிச்சதும் பேசப் பாத்தாரு, ஒதடு அசையுது சத்தம் வரல, ஆச்சி பயந்து போயி ஊமையாக்கிட்டீங்களான்னு என்னையக் கேட்டாங்க. டியூப்பு குரல்நாணுக்குக் கீழ இருக்குறதால காத்து மேல போகல ஆச்சி, அதான்னு வெளக்கிட்டு ஒரு நோட்டையும் பேனாவையும் குடுத்தேன். இதை முந்தின ராத்திரியே சொல்லியிருக்கணும், இப்பல்லாம் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன். தாத்தா படிச்சது அந்தப் பக்கத்து ஸ்கூலு, நடுங்குற கையால மலையாள எழுத்துல வெள்ளம்னு எழுதுனாரு. ஈஎன்டி டாக்டர் இன்னும் வாய்க்குள்ள ஒண்ணும் குடுக்க வேண்டாம்னு சொல்லியிருந்தாரு, நான் பஞ்சைத் தண்ணியில நனைச்சு அவரு ஒதட்டுல ஒத்தி எடுத்தேன், அவரு நோட்டை வாங்கி அதே வார்த்தைக்குக் கீழ ஒரு கோடு போட்டாரு.